கையெழுத்து ஒத்துப்போகல

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு முன்னால ரோடு தெரிஞ்சாப் போதும். முப்பது வருசத்துக்கு மேல கவர்மென்ட்டு பஸ் ஓட்டினவன், பக்கவாட்டுல பார்த்தா எனக்குத் தலை சுத்தும். பாலக்காடுதானுங்களே? நானும் அங்கதான். ஒரு கார் சோலியாப் போறேன்.

கார் சோலிக்கு எதுக்கு இந்த மனுசன் பஸ்ஸுல போறான்னு உங்க மூஞ்சி கேக்குது. நாயமான கேள்விதான். கார் அங்க இருக்குது, நான் இங்க இருக்கறேன். அதுதான் விசயமே. சொல்றேன் கேளுங்க, கொழிஞ்சாம்பாறை வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். சின்னக் கதைதான்.

என்ற பேரு சென்னியப்பன். உடுமலைப்பேட்டை பக்கம். சம்சாரம் தவறி ரொம்ப வருசமாச்சு. ஒரே மக வளர்மதி, திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல வேலை, அங்கயே கட்டிக் குடுத்தாச்சு. நான் ரிட்டயராகி வீட்டுல தனியா இருந்தேனுங்க. காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தா இடது காலு தானா கிளச்சை மிதிக்கும். சமையக்கட்டுக்குள்ள திரும்பறப்போ கை ஸ்டியரிங்கை ஒடிக்கும். நெசமாத்தான் சொல்றேன். ஊரு சனத்தையெல்லாம் ஏத்திட்டுப் போயிருக்கறேன், எனக்குன்னு நாலு சக்கரம் இருந்ததில்லைங்க. அந்த ஏக்கம் இருந்துச்சு. வேற ஒரு ஏக்கமும் இல்ல. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்.

எங்கூர்ல சுலைமான் பாய்னு மெக்கானிக், என்ற சேக்காளி. கேரளாவுல பெருவெள்ளம் வந்துச்சில்லீங்க, அதுக்கப்பறம் ஒரு நாள் அவரு ஷெட்டுல லாரியில ஒரு காரை இறக்கிட்டு இருந்தாங்க. கூரை வரைக்கும் சேறு. ஒரு ஓரத்துல மட்டும் சேறு உதிர்ந்து உள்ள இருக்கற கலரு தெரிஞ்சுது. மூங்கில் குருத்துப் பச்சை. எனக்கு அப்பவே மனசு அதுல போய் ஒட்டிக்கிச்சுங்க. கதவைத் தொறந்தா ஆத்து வாசம். டேஷ்போர்டைக் கழட்டினா உள்ள ஒரு பரல் மீனு காஞ்சு கருவாடாக் கெடக்குது. "சென்னியப்பண்ணே, இது காரில்ல, மீன்தொட்டி"ன்னாரு பாய்.

வெள்ளத்துல மூழ்கின வண்டிக்கு இன்சூரன்சுக்காரங்க வந்து பார்ப்பாங்க. சரி பண்ற செலவு வண்டி வெலையவே தாண்டிரும்னா, முழு நட்டம்னு எழுதி, சொந்தக்காரங்களுக்குப் பணத்தைக் குடுத்துட்டு, வண்டியை ஏலத்துல விட்டுருவாங்க. சட்டப்படி அது செத்த வண்டி. அதைத்தான் பாய் எடுத்துட்டு வந்திருந்தாரு, சாமான் சாமானாக் கழட்டி விக்கறதுக்கு. கழட்டாதீங்க, எனக்குக் குடுங்கன்னுட்டேன்.

வளர்மதி போன்ல சத்தம் போட்டா. "ஏம்ப்பா, செத்துப் போச்சுன்னு எழுதிக் குடுத்ததைத் தோண்டி எடுத்துட்டு வர்றே"ன்னா. "அம்மணி, எழுதினவன் மேல நின்னு பார்த்து எழுதியிருக்கறான், நான் உள்ள உக்காந்து பார்த்துட்டேன்"னேன்.

நானும் பாயும் கழுவினோம் பாருங்க, பொங்கலுக்கு மாடு கழுவற மாதிரி. ஒயரெல்லாம் புதுசு. சீட்டைப் பிரிச்சு வெயில்ல போட்டோம். இஞ்சினைப் பிரிச்சு ஒவ்வொரு சாமானாத் தொடச்சு வெச்சோம். கடைசியா ஸ்டார்ட் பண்ணினப்போ இருமுச்சு, தும்முச்சு, சைலன்சர்ல இருந்து ஒரு கரண்டி சேத்தைத் துப்புச்சு, அப்பறம் ஓடுச்சு பாருங்க, தாலாட்டு மாதிரி. பாய் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரு மேலயும் கிரீசு.

வண்டிக்கு உசுரு வந்துருச்சு. ஆனா காயிதத்துல இன்னும் கேரளா வண்டி. கேரளா நம்பரு, கேரளா ஓனரு பேரு. அதைத் தமிழ்நாட்டுக்கு மாத்தி என்ற பேருல பதியோணும்னா, அங்கத்த ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு கடுதாசி வாங்கோணும். என்ஓசிம்பாங்க. இந்த வண்டி எங்க ஸ்டேட்டை விட்டுப் போறதுல எங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னு. பொண்ணு அனுப்பி வைக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். அதுக்குப் பழைய ஓனரு கையெழுத்துப் போடோணும். ஆர்சி புக்குல பேரைப் பார்த்தேன். விலாசினி. பாலக்காட்டைத் தாண்டி அக்கட்டால, பறளின்னு ஒரு ஊரு, ஆத்தங்கரை.

கெளம்பினேன். இதே பஸ்ஸுதான். போறப்போ கையில ஒரு டிபன் டப்பா. அந்தக் காரு சீட்டுக்கடியில கெடந்துச்சுங்க, எவர்சில்வர், மூடியில மலையாளத்துல ஏதோ வெட்டியிருந்துச்சு. அடுத்தவங்க பாத்திரம், நமக்கெதுக்கு. புளி போட்டு வெளக்கி எடுத்துட்டுப் போனேன். வெறுசாக் குடுக்கக் கூடாதில்லீங்களா, அதனால கொஞ்சம் நெலக்கடலை வறுத்துப் போட்டுக்கிட்டேன்.

வீட்டைக் கண்டுபுடிச்சுப் போனா, ஒரு அம்மா வாசல்ல உக்காந்து கிழிஞ்ச கொடையைத் தெச்சுட்டு இருக்கறாங்க. என்ற வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு வருசம் முன்னப் பின்ன. கண்ணாடி கூடப் போடல, ஒரே குத்துல ஊசியில நூலைக் கோக்கறாங்க. நான் டப்பாவை நீட்டினேன். வாங்கி, மூடியைத் தடவிப் பார்த்தாங்க. "வண்டி உண்டோ இப்பொழும்?"னாங்க. "உண்டுங்க, ஓடுது"ன்னேன். கொடை மடியில இருந்து கீழ விழுந்துருச்சு. எடுக்கவே இல்ல.

"இரிக்கணும் சாரே"ன்னு நாற்காலி போட்டாங்க. சாயா வந்துச்சு. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் நல்லாத் தெரியுமுங்க, பேச்சுல மலையாளம் கொஞ்சம் தூவியிருக்கும், அவ்வளவுதான். தபாலாபீஸ்ல போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயரானவங்களாம். பேரு விலாசினி, வேலை விலாசம் பார்க்கறது. நான் அதைச் சொன்னேன். சிரிச்சாங்க. அத்தனை வருச சர்வீசுல யாரும் அதை அவங்ககிட்டச் சொல்லலியாம். கேரளாவுல விலாசத்துக்கு மேல்விலாசம்பாங்களாம், அதனால யாருக்கும் தோணலியாம்.

கல்யாணம் கட்டிக்கல. அம்மாவைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டாங்க, அம்மாவும் போயாச்சு. தம்பி ஒருத்தரு பாலக்காட்டுல இருக்கறாரு. ரிட்டயராகற சமயத்துல டிரைவிங் ஸ்கூல் போய்க் கத்துக்கிட்டு, அந்தப் பச்சைக் காரை வாங்கியிருக்கறாங்க. இந்த வயசுல எதுக்குன்னு தம்பி கேட்டாராம். வாங்கின வருசத்துலயே வெள்ளம் வந்துருச்சு.

அதை அவங்க சொன்ன விதம் இருக்குதே. மாடியில ஏறி நின்னுட்டாங்களாம். தண்ணி சக்கரத்தை மூடுது, கதவை மூடுது, கண்ணாடியை மூடுது. ஒயருக்குள்ள தண்ணி போனதும் வண்டி தானா லைட்டைப் போட்டிருக்குது. ஆத்துத் தண்ணிக்குள்ள இருந்து ரெண்டு லைட்டும் எரியுது, வைப்பர் ரெண்டும் தண்ணிக்கடியில அப்படியும் இப்படியும் ஆடுது. "என்னை விளிக்குந்ந மாதிரி இருந்தது சாரே"ன்னாங்க. விளிக்கறதுன்னா கூப்புடறது. அப்பறம் லைட்டு மங்கி அணைஞ்சு போச்சாம். இன்சூரன்சுக்காரங்க வந்து எழுதிட்டுப் போனதும் தம்பி சொன்னாராம், நல்லதாப் போச்சு சேச்சி, காசாவது வந்துச்சேன்னு. அதுக்கப்பறம் அந்தம்மா காருன்னு வாயத் தொறந்ததில்ல.

கேட்டுட்டு இருந்த எனக்கு நெஞ்சுக்குழியில என்னமோ பண்ணுச்சு. சாயாவுல தூளு எச்சாப் போட்டிருப்பாங்க.

கையெழுத்தைப் போட்டுக் குடுத்தாங்க. கெளம்பறப்போ டப்பாவைத் திருப்பி என்ற கையிலயே குடுத்தாங்க, உள்ள சக்கவரட்டி. பலாப்பழத்தை வெல்லம் போட்டுக் கிண்டறதுங்க அது. "வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாதல்லோ"ன்னாங்க. பார்த்தீங்களா, மொழிதான் வேற, மரியாதை ஒண்ணுதான்.

ஆபீஸ்ல காயிதத்தைக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க, போனேன். கையெழுத்து ஒத்துப்போகல. அவங்க ரெக்கார்டுல இருக்கற கையெழுத்து ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. மறுபடியும் வாங்கிட்டு வாங்கன்னாங்க, அவங்க மேல தப்பில்லைங்க, பார்த்தா எனக்கே தெரிஞ்சுது. மறுபடியும் பறளி. டப்பாவுல முறுக்கு. அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க. டப்பாவுல நேந்திரங்கா வறுவல் வந்துச்சு. ஆபீஸ்ல, ஒத்துப்போகல. இந்தத் தடவை வால் நீண்டு போச்சு. மறுபடியும் பறளி. டப்பாவுல கம்பு உருண்டை. கையெழுத்து. டப்பாவுல உண்ணியப்பம். ஒத்துப்போகல, சுழி மேல போயிருச்சு.

ஏனுங்க, தபாலாபீஸ்ல அந்தம்மாவோட வேலையே அடுத்தவங்க கையெழுத்தைச் சரி பார்க்கறதுதான். சேமிப்புக் கணக்குல பணம் எடுக்க வர்றவன் ஒரு புள்ளி மாத்தி வெச்சாலும் திருப்பி அனுப்பிருவாங்களாம், அவங்களே சொன்னாங்க. அப்பேர்ப்பட்டவங்களுக்குத் தன் கையெழுத்து ஒரே மாதிரி வரல பாருங்க. வயசாச்சில்லீங்களா. கை நடுக்கம் வந்திருக்கும். நான் ஒண்ணும் சொல்லிக்கல, மனசு நோகுமே. "சாரமில்லா, இன்னும் ஒருக்கா வரலாமல்லோ"ன்னு அவங்கதான் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. சாரமில்லான்னா பரவால்லன்னு அர்த்தம்.

நீங்க சிரிக்கறீங்க. உங்களுக்கு அலைச்சல் தெரியாது தம்பி. ஒவ்வொரு தடவையும் சட்டையைத் தொவச்சு இஸ்திரி போடோணும், மீசைக்கு மை அடிக்கோணும், பலகாரத்துக்கு ஏற்பாடு பண்ணோணும். கவர்மென்ட்டு ஆபீஸுக்குப் போறதுன்னா அப்படி இப்படிப் போக முடியாதில்ல.

ஒடம்பும் கெட்டுப் போச்சுங்க. பறளிக்குப் போற நாள்ல பொள்ளாச்சி தாண்டினதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். பயந்துட்டு டாக்டர்கிட்டப் போனேன். ஈசிஜி எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாரு. எப்பெப்ப வருதுன்னாரு. பாலக்காட்டு ரோட்டுல வருதுங்கன்னேன். திரும்பி வர்றப்போன்னாரு. அப்ப வேற மாதிரி, கனமா இருக்குதுங்கன்னேன். மாத்திரை எழுதாமயே அனுப்பிட்டாரு. சின்ன வயசு டாக்டரு, அனுபவம் பத்தாது.

இதுக்கு நடுவுல வளர்மதி ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. டப்பாவைத் தொறந்து உண்ணியப்பத்தைத் தின்னு பார்த்துட்டு, "இது யாருப்பா செஞ்சது"ன்னா. பழைய ஓனர்னேன். இன்னொண்ணு எடுத்துத் தின்னா. என்னைய மேலயும் கீழயும் பார்த்தா. காரை வித்துப் போடுன்னு அதுவரைக்கும் சண்டை போட்டவ, அன்னைக்கு அந்தப் பேச்சை எடுக்கல. அந்தம்மா போன் நம்பரு மட்டும் வாங்கிட்டுப் போனா. பலகாரம் எப்படிச் செய்யறதுன்னு கேக்கறதுக்காம்.

கடைசியில, ஏறக்குறைய ஒத்துப்போகுதுன்னு ஏத்துக்கிட்டு, ஒரு வழியா என்ஓசி குடுத்துட்டாங்க. அன்னைக்கு நான் துள்ளிக் குதிச்சிருக்கோணும். கடுதாசியை எடுத்துட்டுப் பறளிக்குப் போய்க் காமிச்சேன், காமிக்க வேண்டிய அவசியமில்ல, ஒரு மரியாதைக்கு. அந்தம்மா வாங்கிப் படிச்சாங்க. "அப்போ கழிஞ்ஞு"ன்னாங்க. முடிஞ்சுதுன்னு அர்த்தம். "ஆமாங்க, முடிஞ்சுது"ன்னேன். அவங்க ஆத்தைப் பார்த்தாங்க, நானும் ஆத்தைப் பார்த்தேன். சாயா ஆறிப் போச்சு. டப்பாவை ரெண்டு பேருமே மறந்துட்டோம். பஸ்ஸுல வர்றப்போ கோபாலபுரம் செக்போஸ்ட்டு எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னே தெரியல. ஒரு சோலி முடிஞ்சா அப்படித்தான், வெறிச்னு இருக்கும்.

ஆனா முடியலீங்க. நம்ம ஊரு ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா, சின்ன வயசு, கறாரு. வண்டியை மைதானத்துல நிறுத்தச் சொல்லி ஒரு சுத்து சுத்தினாங்க. வெள்ளத்துல போன வண்டி, முழுசாப் பிரிச்சு மாட்டின வண்டி. இது அதே வண்டிதானா, நாலு வண்டிச் சாமானைச் சேர்த்து ஒட்டினதான்னு அவங்களுக்கு உறுதி தெரியோணும். முன் சீட்டுக்கடியில தகட்டுல சேசிஸ் நம்பரு அடிச்சிருக்கும். பார்த்தா, துருவுல ஒரு எழுத்து மட்டும் மூணா எட்டான்னு தெரியல. போதாக்கொறைக்குப் பழைய ஓனரு கையெழுத்து இங்கயும் ஒரு ஃபாரத்துல இழுத்துட்டு நிக்குது. "நம்பர் தெளிவாகலைன்னா இந்த வண்டியைப் பதிய முடியாதுங்க ஐயா. பழைய ஓனரையும் நேர்ல கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க.

பதிய முடியாதுன்னா இரும்புக் கடைதான். பாய் மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கும் கவலைதான். ரொம்பக் கவலை. கவலையில ஓடிப் போய்ப் பறளிக்குப் போன் போட்டேன். "நீங்களே நேர்ல வரோணுமாம்"னேன். "நாளைக்கு வரட்டே?"ன்னாங்க.

மறுநா பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன். கசவுப் புடவை, கையில அந்தத் தெச்ச கொடை. இறங்கி வந்தாங்க. மைதானத்துல பச்சைக் காரைப் பார்த்ததும் நடை நின்னு போச்சு. கிட்ட வந்து பானட்டு மேல உள்ளங்கையை வெச்சாங்க, காச்சல் புள்ளைக்கு நெத்தியில வெச்சுப் பார்ப்பமே, அந்த மாதிரி. ரெண்டு லைட்டையும் முந்தானையில தொடச்சாங்க. லைட்டுல தூசியே இல்ல, காலையிலதான் நான் தொடச்சிருந்தேன்.

பாய் மண்ணெண்ணெயும் பல் தேய்க்கற பிரஷ்ஷும் வெச்சு அந்தத் தகட்டைத் தேச்சுக் குடுத்தாரு. அது மேல வெள்ளைக் காயிதத்தை வெச்சுப் பென்சில்ல உரசினா நம்பரு படியுமுங்க. காயிதத்தை அந்தம்மா இழுத்துப் புடிச்சுக்கிட்டாங்க, நான் உரசினேன். ரெண்டு பேரும் குனிஞ்சு கதவுக்குள்ள தலையை வுட்டுக்கிட்டு. ஒவ்வொரு எழுத்தா மேல வருது. அவங்க மெதுவா வாசிக்கறாங்க. அந்தத் தெரியாத எழுத்துகிட்ட வந்ததும் நான் பென்சிலைச் சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டேன். மொதல்ல வலப்பக்கம் வளைவு வந்துச்சு. மூணு மாதிரி. இன்னும் லேசா உரசினேன். இடப்பக்கமும் ஒரு நிழல் தட்டுச்சு, வளைஞ்சு வந்து சேர்ந்துச்சு. "எட்டு"ன்னாங்க. என்ற காதுக்குப் பக்கத்துலயே சொன்னாங்க. அந்த எட்டு இன்னும் காதுல இருக்குது தம்பி.

இன்ஸ்பெக்டரம்மா வாங்கி ஆர்சி புக்கோட ஒத்துப் பார்த்தாங்க. சரியா இருந்துச்சு. அப்பறம் ஃபாரத்தை நீட்டினாங்க. அந்தம்மா பானட்டு மேலயே வெச்சு ஒரே இழுப்புல கையெழுத்துப் போட்டாங்க. ரெக்கார்டுல இருக்கற மாதிரியே அச்சு அசல், சுழி, வால், புள்ளி எல்லாம். எங்க ஊரு மாரியம்மன் சக்தின்னுதான் சொல்லோணும். வேற எப்படி வரும்?

இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்தையும் பார்த்தாங்க, முன்னால போட்டதையும் பார்த்தாங்க. "நீங்க என்ன வேலையில இருந்தீங்கம்மா?"ன்னாங்க. "போஸ்ட்மாஸ்டர்." "ஓ"ன்னாங்க. அப்பறம் என்னையப் பார்த்தாங்க. வாயைப் பொத்திக்கிட்டு இருமினாங்க. பாவம், வெயில்ல நிக்கற வேலை, தொண்டை கட்டியிருக்கும்.

தமிழ்நாட்டு நம்பரு கெடைச்சுதுங்க. பிளேட்டு மாட்டின அன்னைக்கு அந்தம்மாவையும் வரச் சொன்னேன். பாய் தேங்கா ஒடச்சாரு. எல்லாருக்கும் லட்டு. வளர்மதி லீவு போட்டுட்டு வந்திருந்தா, அவளும் அந்தம்மாவும் ஏற்கெனவே ரொம்ப நாள் பழகின மாதிரி கையைப் புடிச்சுட்டுப் பேசறாங்க. பலகாரம் பத்தித்தான் இருக்கும். நான் கிட்டப் போனா நிறுத்திடறாங்க.

சாயங்காலம் பஸ்ஸுல எதுக்கு, நானே கொண்டு போய் விடறேன்னு கெளம்பினேன். பொள்ளாச்சி தாண்டி, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, காலியான ரோடு. அந்தம்மா கேட்டாங்க, "ஞான் ஓட்டட்டே சாரே?"

ஒண்ணு சொல்றேன் தம்பி. என்ற வண்டியை இன்னொருத்தர் கையில குடுத்ததே இல்ல நான். என்ற மருமகன் பக்கத்துல உக்காந்து போனாக்கூட, என்ற வலது காலு பிரேக்கைத் தேடும். அவரு அதுக்காகவே என்னையப் பின்னால உக்கார வெப்பாரு. இப்பக்கூடப் பாருங்க, இந்த டிரைவர் வளைவுல போட்டப்போ நான் மிதிச்சேன், உங்க பைதான் மாட்டுச்சு, மன்னிச்சுக்கங்க.

வண்டியை ஓரங்கட்டிச் சாவியைக் குடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்னு தெரியல. அவங்க உக்காந்தாங்க, செருப்பைக் கழட்டி வெச்சாங்க, கண்ணாடியைத் திருப்பிக்கிட்டாங்க. மொதல்ல ரெண்டு தடவை நின்னு போச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. மூணாந்தரம் எடுத்துச்சு. போகப் போக மூணாவது கியரு, நாலாவது கியரு. சன்னல்ல காத்து. அந்தம்மா மொதல்ல ஸ்டியரிங்கை இறுக்கிப் புடிச்சிருந்தாங்க, அப்பறம் கை தளர்ந்துச்சு, அப்பறம் மெதுவா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. நான் பாட்டுக்குப் பக்கத்து வயலைப் பார்த்துட்டு வந்தேன். பக்கவாட்டுல, தம்பி. தலையே சுத்தல. பறளி வந்து இறங்கினப்போதான் கவனிச்சேன், என்ற வலது காலு வழி நெடுக அசையவே இல்ல.

காரை அங்கயே விட்டுட்டு வந்தேன். அவங்க வீட்டுல நல்ல ஷெட்டு இருக்குதுங்க, மேடாவும் கட்டிட்டாங்க. என்ற வீட்டுல ஷெட்டு இல்ல, வெயில்ல பெயிண்டு போயிரும். வாரத்துக்கு ஒருக்காப் போய் இஞ்சினை ஓட விட்டுட்டு வரோணும், இல்லீன்னா பேட்டரி எறங்கிரும். அதுக்குத்தான் போறேன். அந்தம்மா தினமும் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓட்டிட்டுத்தான் இருக்கறாங்க, இருந்தாலும் டிரைவர் காதுல கேக்கறது வேறயில்லீங்களா.

இதுல இப்ப ஒரு புதுச் சிக்கல். தமிழ்நாட்டு நம்பரு வண்டி ஒரு வருசத்துக்கு மேல கேரளாவுல ஓடக் கூடாது. அங்கயே இருந்தா மறுபடியும் அங்க பதியோணும். மறுபடியும் என்ஓசி, இந்தத் தடவை நம்ம ஊர்ல. மறுபடியும் கையெழுத்து. இந்தத் தடவை என்ற கையெழுத்து. நானும் அதுக்குத் தயாராத்தான் இருக்கறேன்.

நேத்து போன்ல வளர்மதிகிட்ட இதைச் சொல்லிட்டு இருந்தேன். பொறுமையாக் கேட்டா. அப்பறம் சொல்றா, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே விலாசத்துல இருந்துட்டா இந்தப் பிரச்சினையே வராதே. எனக்குச் சம்மதம்ப்பா. அங்கயும் கேட்டாச்சு, அவங்க தம்பிக்கும் சம்மதம்தான்." என்ற மக கெட்டிக்காரிதான், ஆனா சட்டம் தெரியல பாருங்க. விலாசம் மாத்தறதுக்குத் தனியா ஒரு ஃபாரம் இருக்குது, இவ சம்மதமோ அவங்க தம்பி சம்மதமோ அதுல எங்கயும் கேக்க மாட்டாங்க. அதைத்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவ போனை வெச்சுட்டா.

ஏன் தம்பி, எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? சிரிச்சுட்டுச் சொல்லுங்க, புரை ஏறிரும்.

சம்மதம்னு எதுக்குச் சொன்னா.

எனக்குச் சம்மதம்ப்பான்னா. அங்கயும் கேட்டாச்சுன்னா. அங்கயும்னா... அங்க யாரைக் கேட்டா? தம்பியை மட்டுமா கேட்டிருப்பா? தம்பியைக் கேக்கறதுக்கு முன்னால, கேக்க வேண்டியவங்களைக் கேட்டிருப்பாளே.

அந்தக் கையெழுத்து. ஏனுங்க, அந்தம்மாவுக்குக் கை நடுக்கமெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஊசியில நூல் கோக்கறாங்க. இத்தனை நாளா எனக்கு இது ஏன் தோணல? அந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இருமலே இல்ல தம்பி. டாக்டரும் நல்ல டாக்டருதான். உண்ணியப்பம் தின்ன அன்னைக்கே என்ற மகளுக்குத் தெரிஞ்சிருக்குது. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. பாலக்காட்டு ஆபீஸ்ல சன்னல்ல உக்காந்திருக்கறவரு கூட, நாலாந்தரம் நான் போனப்போ, உக்காருங்க சாரேன்னு நாற்காலி போட்டாரு.

ஸ்டாண்டு வந்துருச்சா? கொழிஞ்சாம்பாறை எப்பப் போச்சு?

அதோ பாருங்க, பச்சைக் காரு. பஸ் திரும்பற எடத்துல கொண்டு வந்து நிறுத்தியிருக்கறாங்க, அங்க நிறுத்தக் கூடாது, கண்டக்டர் விசில் அடிக்கறாரு. அவங்க அசையல பாருங்க. ஒவ்வொரு சன்னலாத் தேடறாங்க.

நீங்க எறங்கிக்கங்க, நீங்க போங்க. இல்ல, கொஞ்சம் இருங்க தம்பி, என்ற காலு கெளம்ப மாட்டேங்குது. சித்தே கையைக் குடுங்க. அப்படியே என்ற சட்டைக் காலரு சரியா இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க.